இரவின் மீதும் குற்றஞ்சாட்டுங்கள்!

தோழரே!

வானூர்தி ஒன்று வீழ்ந்தது என்ற செய்தி வந்த மறுகணமே, "யார் செய்த தவறு?" என்ற கேள்வி எழும். விரல் நீளும். நீளும் விரல் மேலிருந்து கீழ்நோக்கியே நீளும். முதலாளியின் மாளிகையைச் சுட்டாது. அட்டவணை தீட்டியவரின் மேசையைச் சுட்டாது. எண்ணெய் படிந்த கையோடும் உறங்காத கண்ணோடும் நிற்கின்ற ஊழியனையே சுட்டும். "மனிதத் தவறு" என்ற இரண்டே சொற்களில் வழக்கு முடியும். கோப்பு மூடப்படும். கோளாறு மட்டும் திறந்தே கிடக்கும்!

ஓசூரை எண்ணியே இதை எழுதுகிறேன். ஓசூரை அடுத்த பேளகொண்டப்பள்ளியில் ஓடுதளம் இருப்பதை அறிவீர். 1990-களில் அங்கே சிறு விமானங்கள் உருவாயின. பின்னர் பெரிய விமானங்களும் பழுதுபார்ப்புக்காக அங்கே வந்து இறங்கின. ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் பன்னாட்டு விமான நிலையம் 2,000 ஏக்கரில் ஓசூரில் அமையும் என்று, 2024 ஜூனில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். அன்றுமுதல் ஏக்கர் கணக்குப் பேசுகிறார்கள். பெங்களூரு விமான நிலைய ஒப்பந்தத்தின் 150 கிலோமீட்டர் வரம்பு பற்றி வாதிடுகிறார்கள். விமானப் பராமரிப்புத் தொழிலுக்கான வரியை மத்திய அரசு 2020-இல் 18 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைத்தது. நன்று! தொழிலுக்குச் சலுகை கிடைத்தது. தொழிலாளியின் உறக்கத்திற்கு என்ன கிடைத்தது?

உறக்கத்திற்கும் வானூர்திக்கும் என்ன உறவு என்று கேட்பீராயின், 1990 ஜூன் 10-ஆம் நாளை நினைவூட்டுவேன். இங்கிலாந்தின் பர்மிங்காமிலிருந்து எழுந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம், 17,300 அடி உயரத்தில் பறந்தபோது, விமானியின் முன்னிருந்த கண்ணாடி பிய்த்துக்கொண்டு பறந்தது. விமானியின் பாதி உடல் வெளியே! ஊழியர்கள் அவர் கால்களைப் பற்றித் தொங்கினர். துணை விமானி சவுதாம்டனில் இறக்கினார். 87 உயிர்களும் பிழைத்தன.

காரணம்? கண்ணாடியைப் பிணைத்த 90 மரையாணிகளில் 84 ஆணிகள் விட்டத்தில் சிறியவை. எவ்வளவு சிறியவை? ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 26 பங்கு! மாட்டியவர் கற்றுக்குட்டியோ? அல்லர், அனுபவம் மிக்கவர், அந்த இரவுப் பணிக்கே பொறுப்பாளர். அன்று ஆள் குறைவு. விடியற்காலை, மனிதக் கண் மங்கும் வேளை. ஆணி எடுத்த இடத்திலோ மங்கிய வெளிச்சம். மூக்குக்கண்ணாடி அணியாமல், பழைய ஆணியோடு புதிய ஆணியைக் கண்ணால் ஒப்பிட்டே எடுத்தார். கழற்றிய பழைய ஆணிகளே தவறானவை என்பது கொடுமையிலும் கொடுமை! செய்த வேலையை இரண்டாவது மனிதர் சரிபார்க்க வேண்டும் என்ற விதியும் அந்த வேலைக்கு இல்லை.

கை அவருடையது; மறுக்கவில்லை. ஆனால் அந்த இரவு யாருடையது? ஆட்குறைவு யாருடையது? இருட்டு யாருடையது?

ஆணியாவது கண்ணுக்குத் தெரியும். மின்கம்பியோ சுவருக்குள்ளும் கூரைக்குள்ளும் மறைந்து ஓடும். 1998 செப்டம்பர் 2 அன்று, நியூயார்க்கிலிருந்து ஜெனீவா சென்ற சுவிஸ்ஏர் 111 கனடாக் கடலில் வீழ்ந்தது. 229 பேர் மாண்டனர். விமானி அறையில் புகை நாற்றம் எழுந்து ஏறத்தாழ 20 நிமிடங்களில் எல்லாம் முடிந்தது. 2003-இல் அறிக்கை வந்தது. கம்பியில் பாய்ந்த மின்பொறி, அருகிலிருந்த காப்புப் போர்வையைப் பற்றவைத்திருக்கிறது. பின்னாளில் சேர்க்கப்பட்ட பொழுதுபோக்குத் திரைகளின் கம்பியிலும் பொறியின் தடம் இருந்தது. அந்தப் போர்வை அன்றைய சோதனையில் தேறிய போர்வை! சான்றிதழ் பெற்ற பொருளே தீக்கு விருந்தாயிற்று.

அதிலிருந்து உலகம் கற்ற பாடம் எளியது. துளையிடும்போது உதிரும் உலோகச் சீவல் கம்பிக்கட்டின் மேல் விழுந்தால், அதிர்விலே அறுத்து அறுத்து உறையைக் கிழிக்கும், ஆகவே மூடிவிட்டு வேலை செய், முடித்ததும் துடை. கம்பிக்கட்டை ஏணிப்படியாக மிதிக்காதே. அதிலுள்ள மிகப் பெரிய கம்பியின் விட்டத்தைப்போல் பத்து மடங்கு ஆரத்திற்குக் குறைவாக அதை வளைக்காதே. எளிய பாடம்தான். ஆனால், "காலை ஆறு மணிக்கு விமானம் வெளியேறியாக வேண்டும்" என்ற கட்டளை தலைமேல் தொங்கும்போது, மூடவும் துடைக்கவும் நேரம் தருவது யார்?

நாடக மேடை ஏறியவன் நான். காட்சி நடுவே விளக்கு அணைந்தபோது விளக்குக்காரனை ஏசியிருக்கிறேன். மூன்று ஊர்களில் மூன்று இரவு கண்ணுறங்க விடாமல் அவனை இழுத்துச் சென்றவன் நானே என்பதைப் பின்னரே உணர்ந்தேன். மேடையிலே இருள் சூழ்ந்தால் நகைப்போடு போகும். வானத்திலே?

"தண்டனை இல்லையேல் அலட்சியம் வளராதோ?" என்பார்கள். அறிந்தே விதியை மிதிப்பவனைத் தண்டியுங்கள், தடுக்கவில்லை. தவறி இழைத்தவன் தானே வந்து, "ஐயா, இந்த ஆணியில் எனக்கு ஐயம்" என்றால், அவனுக்கு வேலைநீக்கக் கடிதமா தருவது? ஒருவனை நீக்கினால் நூறு பேர் வாய் மூடுவர். மூடிய வாய்களின் மீதா பறக்கப் போகிறீர்கள்?

ஆகவே கேட்கிறோம். பணி முறைகளை வகுக்கையில் மனித ஆற்றலின் எல்லையைக் கருதவேண்டும் என்று விதிநூல் கூறுகிறது. அந்த எல்லையை மணிக்கணக்கில், எண்ணால், ஒவ்வொரு பராமரிப்புக் கூடத்தின் சுவரிலும் எழுதுக! உயிர்நாடியான வேலை ஒவ்வொன்றுக்கும் இரண்டாவது கண் வைத்திடுக! தவற்றைத் தானே சொன்னவனுக்குக் காப்பு அளித்திடுக! தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் எல்லை மண் ஓசூர். கையேடு ஆங்கிலத்தில் இருக்கட்டும். களைப்பையும் கவனத்தையும் பற்றிய பயிற்சி தாய்மொழியில் நடக்கட்டும். உலகத் தொழிலாளர் எல்லாரும் ஆங்கிலேயர் அல்லர் என்றறிந்தே ஐரோப்பிய விமானத் தொழிலார் 1980-களில் கையேடுகளுக்கென எளிய ஆங்கிலம் ஒன்றை வகுத்தனர். அவர்களுக்கு வந்த கருணை நமக்கு வரலாகாதோ?

தோழரே, ஓசூருக்கு விமான நிலையம் வரட்டும், வரவேற்போம். ஆனால் ஓடுதளத்தின் நீளத்தை அளப்பவர்கள், ஊழியனின் இரவின் நீளத்தையும் அளக்கட்டும். வீழ்ந்தபின் நீட்டும் விரலைப் பறக்குமுன் நீட்டுக, மேல்நோக்கி நீட்டுக!