டிக்கிக்குள் ஒரு பெட்டி... பெட்டிக்குள் ஒரு பேட்டரி!



மலருக்குக் கட்டுரை கேட்டதும் "இளைஞனே எழுந்து வா" என்று ஏதாவது எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். ஆனால் இந்த ஆண்டு நம் ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் நடந்த ஒரு சம்பவம் என்னை அப்படி எழுத விடவில்லை. அதனால் ஒரு பேட்டரியைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்காதீர்கள். படித்து முடித்த பிறகும் சிரிப்பு வந்தால் சிரியுங்கள்.

என்னைப் பற்றி இரண்டு வரி. எனக்கு ஊர் முக்கூடல். அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார், அம்மா பீடி சுற்றுகிறாள். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான். அதனால் என் கையில் இருக்கும் ஒவ்வொரு ரூபாயும் எத்தனை பீடி என்று எனக்குக் கணக்குத் தெரியும். இது பெருமைக்குச் சொல்லவில்லை. பின்னால் இந்தக் கணக்கு தேவைப்படும்.

நம் சீனியர் அண்ணன்மார் புராஜெக்டுக்காகச் செய்து விட்டுப்போன அந்தச் சின்னக் காரை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பைப் சேசிஸ், மாருதி 800 கழற்றிய எஞ்சின், இரண்டே சீட்டு. வெளிநாட்டில் இதைக் கிட் கார் என்பார்கள். இங்கிலாந்தில் 1957-ல் வந்த லோட்டஸ் செவன் காரைப் பாகம் பாகமாக வாங்கி, வீட்டிலேயே பூட்டிக்கொண்டார்கள். நம் நாட்டில் இப்படிச் செய்த வண்டியை ரோட்டில் ஓட்டப் பதிவு வாங்குவது பெரும்பாடு. ஆகையால் நம் கார் மைதானத்தோடு சரி. ஆனாலும் 2007 முதல் நடந்துவரும் பாஹா போட்டி, கோவை கரி மோட்டார் ஸ்பீடுவேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டி என்று மாணவர்கள் கையாலேயே வண்டி செய்து ஓட்டுகிறார்கள். நம்மாலும் முடியும் என்பதற்கு அந்தச் சின்னக் கார்தான் சாட்சி.

அந்தக் காரில் முன்பக்கம் இடம் கிடையாது. அதனால் அண்ணன்மார் டிக்கியில் ஒரு தகரப் பெட்டி அடித்து அதில் பேட்டரியை வைத்தார்கள். நல்ல யோசனைதான். எஞ்சின் சூடு படாது, முன்பாரம் குறையும். பல பி.எம்.டபிள்யூ. கார்களில்கூட பேட்டரி பின்னால்தான் இருக்கிறது. இந்த ஆண்டு அந்தப் பேட்டரி உயிரை விட்டது. மாற்று பேட்டரி வாங்கும் பொறுப்பு எங்கள் குழுவுக்கு வந்தது. தலைக்கு 300 ரூபாய் போட்டோம்.

நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? பெட்டியை அளக்கவில்லை. பழைய பேட்டரியின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவில்லை. நேராக ஒரு கடைக்குப் போய், "அண்ணாச்சி, குறைஞ்ச ரேட்டுல பெரிய பேட்டரியா குடுங்க" என்று கேட்டோம். கேட்டதைக் கொடுத்தார்கள். ரீகண்டிஷன் செய்த பேட்டரி, 1,400 ரூபாய். பெட்டிக்குள் இறங்கவில்லை. பெட்டியின் ஒரு பக்கத்தை வெட்டி, சைக்கிள் டியூபால் இழுத்துக் கட்டினோம். மேலே ரெக்சினைப் போட்டு டிக்கியை மூடினோம். முதல் நாள் ஸ்டார்ட் ஆனது; கை தட்டினோம். மறுநாள் செல்ஃப் 'டிக்' என்றதோடு சரி.

ராத்திரி முழுக்க சார்ஜரில் போட்டோம், டிக்கி மூடியபடியே. காலையில் என் சிநேகிதன் சார்ஜரை அணைக்காமல் ஸ்பானரை வைத்து டெர்மினலைக் கழற்றினான். ஒரு பொறி... அவ்வளவுதான். டமார் என்று வெடித்து மூடிகள் தெறித்தன. ஆசிட் அவன் வலது கையிலும் சட்டையிலும் விழுந்தது. முகத்தைத் திருப்பியிருந்ததால் கண் தப்பியது. குழாயடியில் இருபது நிமிடத்துக்குக் குறையாமல் கையைத் தண்ணீரில் பிடித்துவிட்டுப் பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். அதற்கடுத்த வாரம் ஒரு கம்பெனி ஆள் எடுக்க வந்தது. கட்டுப் போட்ட கையோடு அவனால் ஃபைலைப் பிடிக்க முடியவில்லை. வேலை போனது. அவன் வீட்டிலும் அவன்தான் முதலில் படித்தவன்.

இதில் கடைக்காரரையோ கல்லூரியையோ நான் குறை சொல்லவில்லை. தப்பு எங்களுடையது. அன்றைக்கு ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ஏலே, பொட்டிக்கு ஏத்த பேட்டரி வாங்கணுமா, பேட்டரிக்கு ஏத்தாப்ல பொட்டிய வெட்டணுமா? இதுகூடத் தெரியாமத்தான் காலேசுக்குப் போறியால?" எனக்குப் பதில் வரவில்லை. அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

முதலாவது, பேட்டரியின் மேல் இருக்கும் எழுத்து. மாருதி 800-க்குப் போடுவது 12 வோல்ட், 35 ஆம்பியர் அவர் பேட்டரி. அதன் மேல் 38பி20எல் என்று இருக்கும். 38 என்பதை ஆம்பியர் அவர் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது பேட்டரியின் திறனுக்கான தர எண். 'பி' என்பது அகல உயரத்தின் வகை. 20 என்பது நீளம், சுமார் 20 சென்டிமீட்டர். கடைசி எழுத்து எல் அல்லது ஆர் என்று இருக்கும். டெர்மினல் எந்தப் பக்கம் என்பதை அது சொல்லும். இது மாறினால் கேபிள் எட்டாது. இழுத்துப் பூட்டினால் பெட்டியின் தகரத்தில் உரசி ஷார்ட் ஆகும். ஆக, கடைக்குப் போகுமுன் ஒரு டேப், ஒரு துண்டுச் சீட்டு. வேறு ஒன்றும் வேண்டாம்.

இரண்டாவது, எந்த வகை பேட்டரி? தண்ணீர் ஊற்றும் சாதாரண பேட்டரியில், சார்ஜ் 14.4 வோல்டைத் தாண்டும்போது தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வரும். காற்றில் ஹைட்ரஜன் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும். எஞ்சின் பக்கம் என்றால் காற்றோடு போய்விடும். மூடிய டிக்கியில் எங்கே போகும்? அதனால் டிக்கிப் பெட்டிக்கு என் ஓட்டு ஏ.ஜி.எம். என்ற சீல் செய்த பேட்டரிக்குத்தான். அதில் ஆசிட் கண்ணாடி இழைப் பாயில் ஊறி நிற்கும், சாய்ந்தாலும் கொட்டாது. உண்டாகும் வாயுவில் பெரும்பகுதி உள்ளேயே மறுபடி தண்ணீராகிவிடும். ஆனால் சீல் என்றால் வாயுவே வராது என்று அர்த்தமில்லை. ஓவர் சார்ஜ் ஆனால் வால்வு திறக்கும். எனவே பெட்டியிலிருந்து வண்டிக்கு அடியில் ஒரு குழாய் விட்டே ஆகவேண்டும். ஏ.ஜி.எம். வாங்கப் பணம் இல்லையா? சரியான அளவில் புதிய சாதாரண பேட்டரி வாங்குங்கள். ஆனால் மூடி இறுக்கமான பெட்டி, வெளியே போகும் குழாய், அசையாத கிளாம்ப், சார்ஜ் போடும்போது திறந்த டிக்கி இவை நான்கும் கட்டாயம். லித்தியம் எடை குறைவு என்று ஆசை வரும். அதற்குத் தனிக் காவல் சர்க்யூட்டும் பொருத்தமான சார்ஜிங்கும் வேண்டும். தெரிந்த ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் தொட வேண்டாம்.

மூன்றாவது, கேபிள். நாம் எலக்ட்ரிகல் பாடத்தில் படித்ததுதான். பேட்டரி டிக்கியில், எஞ்சின் முன்னால். போக 4 மீட்டர், வர 4 மீட்டர் என்று கேபிள் போட்டால் மொத்தம் 8 மீட்டர். செல்ஃப் மோட்டார் 100 ஆம்பியர் இழுத்தால், 10 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளில் சுமார் 1.4 வோல்ட் வழியிலேயே போய்விடும். 25 சதுர மில்லிமீட்டர் போட்டால் 0.55 வோல்ட்தான் போகும். எங்கள் பேட்டரியை நாங்கள் திட்டிய திட்டில் பாதி, அந்த மெல்லிசு கேபிளுக்குச் சேரவேண்டியது! இன்னொன்று: பேட்டரிக்கு ஒட்டியே ஒரு பெரிய பியூஸும் கட்-ஆஃப் சுவிட்சும் வேண்டும். பின்னாலிருந்து முன்னால் வரை ஓடும் வயர் எங்காவது உரசினால், நடுவில் தடுக்க வேறு ஒன்றும் கிடையாது.

நான்காவது, சோதனை. ஓய்வில் 12.6 வோல்ட் காட்டினால் சார்ஜ் முழுசாக இருக்கிறது என்று அர்த்தம். பேட்டரி நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. செல்ஃப் அடிக்கும்போதும் 9.6 வோல்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. எங்கள் ரீகண்டிஷன் பேட்டரியும் கடையில் 12.6 காட்டியதுதான். லோடு வந்ததும் படுத்துவிட்டது. சார்ஜ் இறங்கிய பேட்டரியைச் சும்மா போட்டுவைத்தால் பிளேட்டுகளில் ஈய சல்பேட் கெட்டியாகப் படிந்துவிடும். பிறகு எத்தனை சார்ஜ் போட்டாலும் பழைய பலம் வராது. நம் கார் மாதக்கணக்கில் நிற்கிற வண்டி. ஆகவே மைனஸ் கேபிளைக் கழற்றிவைத்து, மாதம் ஒருமுறை சார்ஜ் போடவேண்டும். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

"வைவா முடிஞ்சா தீந்துச்சு, இதுக்கு எதுக்குல புது பேட்டரி?" என்று கேட்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். நேற்றுவரை நானும் அந்தக் கட்சிதான். இந்த வண்டி வைவாவோடு முடிவதில்லை, நண்பா! நாம் வெட்டிய பெட்டியில்தான் அடுத்த ஆண்டு தம்பிமார் கை வைப்பார்கள். "ஏழைப் பையனுக்கு ரீகண்டிஷன்தான் கட்டும்" என்பது இன்னொரு வாதம். இதற்கு என் அம்மா பதில் சொல்லிவிட்டாள். "முந்நூறு பத்தலைன்னா கேட்டிருக்கலாம்லா? இன்னுங் கொஞ்சம் சுத்தியிருப்பேன். அந்தப் பிள்ளைக்கு கண்ணுல பட்டிருந்தா யாரு பதில் சொல்லுறது?" 1,400 ரூபாய் போனது, பெட்டி போனது, ஒருவனுக்கு வந்த வேலை போனது. எது மலிவு? நீங்களே கணக்குப் போடுங்கள். ஏழை ஒரு தடவைதான் வாங்க முடியும். அதனால் அவன்தான் நல்லதாக வாங்கவேண்டும்.

பழைய பேட்டரி விஷயம் ஒன்று பாக்கி. வெடித்ததில் மீதியிருந்த ஆசிட்டைப் பாளையங்கால்வாயில் கொட்டிவிடலாம் என்று எங்களில் ஒருவன் சொன்னான். அந்தக் கால்வாயில் ஓடுவது தாமிரபரணித் தண்ணீர் அல்லவா? பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைச் சேரும்வரை நாம் குடிப்பதும் நெல் விளைவதும் அதில்தான். அந்த ஆசிட்டில் ஈயமும் கலந்திருக்கிறது. ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டுத் தலைநகர் டாக்கர் ஓரத்தில், பழைய பேட்டரியை உடைத்து ஈயம் எடுத்த ஓர் இடத்தில் 2007 கடைசிக்கும் 2008 தொடக்கத்துக்கும் நடுவே 18 குழந்தைகள் இறந்தன. ஈய நஞ்சுதான் காரணம் என்று தெரியவந்தது. நம் நாட்டில் 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகள், பழைய பேட்டரியைத் திரும்ப எடுக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேலேயே வைத்திருக்கின்றன. கடையில் பழையதைக் கொடுத்தால் புதியதில் விலையும் குறைப்பார்கள். கொட்டுவதில் நமக்கு என்ன லாபம்?

கடைசியாக, நம் மாணவர் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டு விழாவுக்கு மைக் செட், சீரியல் லைட் எல்லாம் வைக்கிறோம், சந்தோஷம். அந்தச் செலவில் ஒரு பகுதியை ஒதுக்கி ஒரு ஹைட்ரோமீட்டர், ஒரு லோடு டெஸ்டர், தானாக அணையும் சார்ஜர் ஒன்று, இரண்டு ஜோடி கண்ணாடியும் கையுறையும் வாங்கிச் சங்கத்தின் பொதுச் சொத்தாக வையுங்கள். எந்தப் புராஜெக்ட் குழுவும் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொள்ளட்டும். பேட்டரி வாங்கப் போகும் குழு, பெட்டியின் அளவை நோட்டில் எழுதி ஆசிரியரிடம் காட்டிய பிறகே போகவேண்டும் என்று ஒரு வழக்கத்தை உண்டாக்குவோம்.

காரைக்குடியில் 1948-ல் அடிக்கல் நாட்டி 1953-ல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஓசூரில் பேட்டரி ஆலை இருக்கிறது. நம் மாநிலத்தில் பேட்டரி அறிவுக்குப் பஞ்சமில்லை. அந்த அறிவு நம் டிக்கிவரை வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

என் சிநேகிதனின் கை ஆறிவிட்டது. தழும்பு இருக்கிறது. போன வாரம் இரண்டு பேருமாக உட்கார்ந்து புதிய பெட்டிக்கு அளவு எடுத்தோம். டேப்பைப் பிடித்தது அவன், எழுதியது நான். உள்ளளவு எழுதிய பிறகு அவன் சொன்னான்: "குழாய்க்கு ஓட்டை எங்கன்னு முதல்ல குறில."

குறித்துவிட்டேன். நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள், நண்பர்களே!