சான்றிதழும் கைத்திறனும்



எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் காவல் பார்க்கும் பெரியவர் கோலார் தங்கவயல்காரர். சென்ற மாதம் ஒருநாள், தண்ணீர்த் தொட்டி மோட்டாரின் சத்தத்தை வாசலில் உட்கார்ந்தபடியே கேட்டுவிட்டு, “சார், பேரிங் போவுது, ரெண்டு நாள் தாங்காது” என்றார். யாரும் பொருட்படுத்தவில்லை. மூன்றாம் நாள் மோட்டார் நின்றுவிட்டது. பிறகுதான் விசாரித்தேன். சுரங்கத்தினுள் நீர் இறைக்கும் பம்புகளைப் பழுது பார்த்த ஃபிட்டராம் அவர். தகப்பனார் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்ட தொழில். கையில் அதற்கு ஒரு துண்டுக் காகிதம் கூடக் கிடையாது.

1880-களில் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே சுரங்கம் தோண்டத் தொடங்கியபோது வட ஆற்காட்டிலிருந்து போனவர்கள் நம் மக்கள். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி வேலை செய்தார்கள். பாறை எப்போது சரியும், முட்டு எங்கே கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் எந்தக் கல்லூரியிலும் படித்ததல்ல. 2001-இல் சுரங்கம் மூடப்பட்டது. அதன்பிறகு அந்தத் திறமை முழுவதும் விடியற்காலை ரயிலில் ஏறி பெங்களூருக்குக் காவல் வேலைக்கும் கூலி வேலைக்கும் வரத் தொடங்கியது. மாரிக்குப்பம் ரயிலைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். எங்கள் பெரியவரும் முதலில் பீன்யாவில் ஒரு பட்டறைக்குப் போயிருக்கிறார். “ஐ.டி.ஐ. சர்டிபிகேட் இருக்கா?” என்று கேட்டார்களாம். ஸ்பேனரைக் கையில் கொடுத்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆகவே பட்டமே வேண்டாம் என்று நான் எழுதப் போவதாக நினைக்க வேண்டாம். நான் டிப்ளமோக்காரன். பட்டம் பெற்றுவந்த, என்னைவிடப் பத்து வயது இளையவர்களை “சார்” என்று அழைத்தே காலம் கழித்தவன். வருத்தம் இருந்ததுண்டு. ஆனாலும், ஊர் பேர் தெரியாத இடத்துக்குப் பிழைக்க வரும் குடும்பத்துப் பிள்ளைக்குப் பட்டம் ஒரு பாதுகாப்பு. அது இல்லாவிட்டால் சிபாரிசுதான் பேசும். நமக்கு இங்கே சிபாரிசு செய்ய யார் இருக்கிறார்கள்?

கணித மேதை ராமானுஜத்தை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். எஃப்.ஏ. தேர்வில் தோற்றவர், 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபாய்க்கு குமாஸ்தாவாகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டே, பட்டம் இல்லாத அவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் எழுபத்தைந்து ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. இதில் நாம் கவனிக்காத ஒன்று உண்டு. அதே அலுவலகத்தில் அவருக்கு மேலே இருந்த நாராயண ஐயர் கணிதம் அறிந்தவர். துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் பொறியாளர். ஆற்றுப் பாலங்களுக்கு வழிகாட்டிக் கரை அமைக்கும் முறை பற்றி 1903-இல் நூல் எழுதியவர், ரயில்வேயில் பணியாற்றியவர் (எங்கள் இனம் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமை). வேலை தெரிந்தவர்கள் மேலே இருந்ததால்தான் குமாஸ்தாவின் நோட்டுப்புத்தகத்தை மதித்தார்கள். இன்று ஆள் எடுக்கும் பிரிவில் உட்கார்ந்திருப்பவருக்கு பேரிங்கும் தெரியாது, புஷ்ஷும் தெரியாது. அவர் பாவம், சான்றிதழைத்தான் பார்ப்பார். அதைத்தான் அவரால் பார்க்க முடியும்.

ரயில்வேயில் நாங்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தோம். ‘டிரேட் டெஸ்ட்’ என்று பெயர். கலாசியாகச் சேர்ந்தவனிடம் ஓர் இரும்புத் துண்டையும், அரத்தையும், வரைபடத்தையும் கொடுத்து, இத்தனை மணி நேரத்தில் இந்த அளவுக்கு முடி என்போம். முடித்ததை வெர்னியர் வைத்து அளப்போம். கையெழுத்துப் போடவே திணறியவர்கள் அரைத்துக் கொடுத்த துண்டு, டிப்ளமோ படித்த என் துண்டைவிட நேர்த்தியாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன். தேறியவன் ஃபிட்டர் ஆனான். யாரும் தயவு காட்டவில்லை.

எல்லா வேலைக்கும் இது பொருந்தாது. பாலத்தின் கர்டர் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்குப் போடுகிறவர் படித்துத்தான் வர வேண்டும். அனுபவத்தால் பாலம் விழாது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பம்பு, லேத், வெல்டிங், ஒயரிங், ஏன், கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதுவதற்குக் கூட, செய்து காட்டச் சொன்னால் அரை நாளில் தெரிந்துவிடும். ஜோஹோ நிறுவனம் 2005 முதலே பள்ளிப் படிப்பு முடித்தவர்களை எடுத்துத் தானே பயிற்சி கொடுத்து வருகிறது. மத்திய அரசும் 2015-இல் தொடங்கிய திறன் திட்டத்தில், முன்பே தொழில் கற்றவர்களைச் சோதித்துச் சான்று தர ஏற்பாடு செய்தது. தங்கவயல்காரர்களுக்கு அது பதினான்கு வருடம் பிந்தி வந்தது.

நம் சங்கத்துக்கு என் வேண்டுகோள் ஒன்றே. நம்மில் ஓய்வு பெற்ற ஃபிட்டர்கள், எலெக்ட்ரீஷியன்கள், ஃபோர்மேன்கள் நிறைய இருக்கிறோம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, படிப்பில்லாமல் தொழில் தெரிந்த நம் பிள்ளைகளுக்கு ஒரு சோதனை வைப்போம். இவன் இன்ன வேலையை இவ்வளவு நேரத்தில் இப்படிச் செய்தான் என்று எழுதி, நமக்குத் தெரிந்த பட்டறை முதலாளிகளிடம் கொடுப்போம். என் வெர்னியர் இன்னும் வீட்டில் பத்திரமாக இருக்கிறது. அரம் இரண்டு வாங்க வேண்டும். பம்பு சோதனைக்கு எங்கள் காவலாளியை அழைத்து வருகிறேன்.