புகைக்குச் சான்றிதழ் இருக்கிறது, பிறேக்குக்கு?

கடந்த மாதம் எனது மோட்டார் சைக்கிளின் வரி அனுமதிப்பத்திரம் முடிவதற்கு நான்கு நாட்கள் இருந்தபோதுதான் புகைப் பரிசோதனை செய்யவில்லை என்பது நினைவுக்கு வந்தது. காலை ஏழரை மணிக்கே நிலையத்துக்குப் போனேன். எனக்கு முன்னால் பதினொரு பேர். மூன்று ஓட்டோ, ஒரு பழைய வான், மற்றதெல்லாம் மோட்டார் சைக்கிள்கள். எனக்கு முன்னால் நின்ற ஐயா ஒருவர் கரையோரக் கிராமமொன்றிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டு வந்திருந்தார். அவரின் அனுமதிப்பத்திரம் முடிந்து மூன்று வாரங்கள்.

"இஞ்ச வாறதுக்கே வழியில பொலிஸ் நிக்குமோ எண்டு பயந்து பயந்துதான் தம்பி வந்தனான். குச்சொழுங்கையெல்லாம் சுத்திக்கொண்டு வந்து சேர்ந்திருக்கிறன்" என்றார்.

அவர் சொன்னதில் ஒரு பொறி இருக்கிறது. புகைச் சான்றிதழ் இல்லாமல் வரி அனுமதிப்பத்திரம் கிடைக்காது. வாகனத்தை நிலையத்துக்குக் கொண்டுபோகாமல் புகைச் சான்றிதழ் கிடைக்காது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் வாகனத்தை வீதியில் இறக்கினால் குற்றம். நகரத்தில் இருப்பவருக்கு இது பத்து நிமிடப் பிரச்சினை. கரையோரத்திலும் காட்டோரத்திலும் மீளக் குடியேறிய ஒருவருக்கு அது ஒரு நாள் கூலி, ஒரு நாள் பெற்றோல், ஒரு நாள் பயம்.

அவரின் முறை வந்தது. ஊழியர் சைலன்சருக்குள் குழாயொன்றைச் செருகினார். இயந்திரம் சும்மா ஓடிக்கொண்டிருக்க, கணினித் திரையில் காபனோரொட்சைட்டின் அளவும் எரியாத ஐதரோகாபனின் அளவும் வந்தன. சில நிமிடங்களில் தாள் அச்சாகிக் கையில் கிடைத்தது. 'சித்தி'. ஐயா சிரித்தபடி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். அவரது பின் டயரில் கட்டை ஒன்றுகூட மிஞ்சியிருக்கவில்லை. முன் பிறேக் கம்பி அறுந்து, அதை ஒரு நைலோன் கயிற்றால் கைபிடியோடு கட்டியிருந்தார். அதை அங்கு யாரும் பார்க்கவில்லை. பார்ப்பது அவர்களின் வேலையும் இல்லை.

என்ன பரிசோதிக்கப்படுகிறது?

இலங்கையில் வாகனப் புகைப் பரிசோதனைத் திட்டம் 2008இல் தொடங்கியது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் மேற்பார்வையில் இரண்டு தனியார் நிறுவனங்கள் இதை நடத்துகின்றன. பெற்றோல் வாகனமென்றால் மேலே சொன்ன இரு வாயுக்களும் அளக்கப்படும். டீசல் வாகனமென்றால் அக்சிலேற்றரை மிதித்து, வெளிவரும் புகை எவ்வளவு அடர்த்தியானது என்று பார்ப்பார்கள். சான்றிதழ் ஓராண்டுக்குச் செல்லுபடியாகும். அதையும் காப்புறுதிப் பத்திரத்தையும் பழைய அனுமதிப்பத்திரத்தையும் பிரதேச செயலகத்தில் காட்டினால், அல்லது இப்போது இணையவழியில் விண்ணப்பித்தால், புதிய வரி அனுமதிப்பத்திரம் கிடைக்கும்.

வாகனம் வீதியில் ஓடத் தகுதியானதா என்பதைப் பார்ப்பது வேறு பரிசோதனை. அதற்குப் பெயர் தகுதிச் சான்றிதழ். பஸ், லொறி போன்றவற்றுக்கு அது தேவை. திணைக்களம் அங்கீகரித்த கராஜ்களில் அதைப் பெற்றுக்கொள்ளலாம். பிறேக், ஸ்டியறிங், டயர், வெளிச்சம், உடற்பகுதி எல்லாம் அங்கேதான் பார்க்கப்பட வேண்டும். எங்கள் ஊர்களில் அதிகம் ஓடுகின்ற மோட்டார் சைக்கிளுக்கு அப்படியொரு வருடாந்தப் பரிசோதனை கிடையாது. ஒரு மோட்டார் சைக்கிள் பதிவுசெய்யப்பட்ட நாளிலிருந்து இரும்புக்கடைக்குப் போகும் நாள் வரை, அதன் பிறேக்கை அரசு சார்பில் ஒருவர்கூடத் தொட்டுப் பார்க்காமலே இருக்கலாம்.

தகுதிச் சான்றிதழ் தேவைப்படும் வாகனங்களின் நிலையும் நிம்மதி தருவதாக இல்லை. 2025 மே 11ஆம் திகதி அதிகாலையில் கொத்மலை கெரண்டிஎல்லவில் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல - வெல்லவாய வீதியில் சுற்றுலா சென்ற பஸ் ஒன்று விழுந்து 15 பேர் இறந்தார்கள். ஒவ்வொரு விபத்துக்கும் ஒவ்வொரு காரணம் இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் பஸ்ஸின் தகுதி பற்றிய பேச்சு ஒரு மாதம் நடந்து ஓய்ந்துவிடுகிறது. இரவில் ஏ-9 வீதியால் கொழும்புக்குப் போகும் பஸ்ஸில் ஏறுகின்ற எங்களில் எத்தனை பேர் அதன் தகுதிச் சான்றிதழைக் கேட்டிருக்கிறோம்? முன்கண்ணாடியில் சாமிப்படம் இருக்கிறதா என்று பார்ப்பதோடு சரி.

மண்ணெண்ணெய் ஓடிய காலம்

புகைப் பரிசோதனை நிலையத்தில் நின்றபோது எனக்கு அப்பாவின் நினைவு வந்தது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் பெற்றோல் என்பது மருந்துப் போத்தலில் வைத்துப் பூட்டுகிற பொருள். சொட்டுச் சொட்டாகப் பெற்றோலை விட்டு இயந்திரத்தை இயக்கி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின் கேம்பிறிஜ்களும் அப்படித்தான் நோயாளிகளையும் கர்ப்பிணிகளையும் ஏற்றி ஓடின. மண்ணெண்ணெய்ப் புகை வீதி முழுக்க நிற்கும். கண் எரியும். அந்தக் காலத்தில் எங்கள் நுரையீரலைப் பற்றி எந்தத் திணைக்களமும் கவலைப்படவில்லை.

இதைச் சொல்வது புகைப் பரிசோதனை வேண்டாம் என்பதற்காக அல்ல. சுத்தமான காற்று எங்கள் பிள்ளைகளுக்கும் வேண்டும். ஆனால் இந்த வரலாறு எங்களுக்கு ஒரு பழக்கத்தைத் தந்துவிட்டது. உதிரிப்பாகம் இல்லாவிட்டால் கம்பியால் கட்டி ஓட்டுவது, ஒரு வண்டியின் பாகத்தை இன்னொன்றுக்குப் பூட்டுவது, "ஓடுதுதானே" என்று விட்டுவிடுவது. தடைக்காலத்தில் அது கெட்டித்தனம். இப்போது ஏ-9 வீதியில் டிப்பருக்கும் சொகுசு பஸ்ஸுக்கும் நடுவே அதே கெட்டித்தனத்தோடு போவது ஆபத்து. போர்க்காலத்தின் பழக்கம் வீதியில் தொடர்கிறது. அதைத் திருத்த வேண்டிய பரிசோதனையோ சைலன்சரோடு நின்றுவிடுகிறது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனிப்பட்ட பாவனைக்கான வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடையில் பொருளாதார நெருக்கடி. பழைய வண்டிகளின் விலை ஏறியது, உதிரிப்பாகங்களின் விலை அதைவிட ஏறியது. வசதி இல்லாதவர்கள் தேய்ந்த டயரோடு இன்னொரு வருடம், இன்னுமொரு வருடம் என்று ஓட்டினார்கள்.

நான் வழமையாகப் போகும் கராஜ் அண்ணையிடம் இதைப் பற்றிக் கேட்டேன். "புகை டெஸ்டுக்கு முதல் எல்லாரும் வருவினம். காபரேற்றரில காத்தைக் கொஞ்சம் கூட்டி விட்டா பாஸ். பிறகு இழுவை காணாது எண்டு திரும்பி வந்து பழையபடி வைக்கச் சொல்லுவினம். பிறேக் சூ மாத்துவம் எண்டு சொன்னா, அடுத்த மாசம் பாப்பம் அண்ணை எண்டு போடுவினம். அதைத்தான் ஒருத்தரும் கேக்கிறேல்லையே" என்றார். ஆக, காற்றும் சுத்தமாகவில்லை, வண்டியும் பாதுகாப்பாகவில்லை. கடதாசி மட்டும் சுத்தம்.

போரில் கால் இழந்தவர்கள் பலர் பக்கச் சில்லுகள் பொருத்திய ஸ்கூட்டிகளில் ஓடுகிறார்கள். அந்தச் சில்லுகளை ஊர்ப் பட்டறைகளில் ஒட்டிக்கொடுக்கிறார்கள். நல்ல கைவேலைக்காரர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அந்த வெல்டிங்கில் வெடிப்பு விழுந்திருக்கிறதா என்று புகைப் பரிசோதனை சொல்லாது. ஏற்கெனவே ஒரு காலை இழந்தவரை அந்த வண்டி இன்னொரு தடவை வீழ்த்தக்கூடாது.

ஒரு சாளியின் கதை

வரிசையில் எனக்குப் பின்னால் ஒரு பெண் நின்றார். ஐம்பது வயதிருக்கும். பழைய சாளி ஒன்று வைத்திருந்தார். எங்கள் ஊர்களில் ஒரு காலத்தில் ரீச்சர்மாரின் வண்டியாக இருந்த அதே சாளி. முதல் தடவை வண்டி பரிசோதனையில் தவறிவிட்டதாம், திருத்திக்கொண்டு மீண்டும் வந்திருந்தார்.

"ஏன் அக்கா இவ்வளவு கஷ்டப்படுறியள்? இதைக் குடுத்துட்டு வேற ஒண்டு எடுக்கலாமே?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது என்பது பிறகுதான் விளங்கியது.

"இது அவரின்ர பேரில இருக்குத் தம்பி. 2008இல கடைக்குப் போட்டு வாறன் எண்டு போனவர். இன்னும் இல்லை. விக்கிறதெண்டா பேர் மாத்த வேணும். பேர் மாத்துறதெண்டா அவர் இல்லை எண்டு நான் எழுதிக் குடுக்க வேணும். வருசா வருசம் புகை டெஸ்டும் இன்சூரன்ஸும் கட்டினா லைசன்ஸ் தருவினம், ஒண்டும் கேக்காயினம். அப்பிடியே ஓடட்டும்."

எங்கள் ஊர்களில் வாகனப் பத்திரம் என்பது வெறும் பத்திரமல்ல. இறுதி யுத்தத்தில் முள்ளிவாய்க்கால் வரை தள்ளிச்சென்ற வாகனங்களைப் பலர் அங்கேயே விட்டுவிட்டு உயிரோடு மட்டும் வெளியே வந்தார்கள். பதிவுப் புத்தகமும் பையோடு போனது. இணைப்பிரதி எடுப்பதற்குப் பொலிஸ் முறைப்பாடு, திணைக்கள அலுவலகம், கொழும்புப் பயணம் என்று அலைய வேண்டியிருந்தது. அந்த அலைச்சலைத் தவிர்க்க, கையெழுத்திட்ட வெற்றுப் படிவத்தோடு கைமாறிய வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. பதிவில் இருக்கும் பெயருக்குரியவர் வெளிநாட்டில் இருக்கலாம், இறந்திருக்கலாம், அந்த அக்காவின் கணவரைப் போலக் காணாமல் ஆக்கப்பட்டிருக்கலாம்.

2016இல் கொண்டுவரப்பட்ட சட்டத்திருத்தத்தின் மூலம், மரணச் சான்றிதழ் எடுக்க விரும்பாத குடும்பங்கள் காணாமற்போனமைக்கான சான்றிதழைப் பெறலாம். ஆனால் அதையும் வாங்க மறுக்கும் தாய்மாரும் மனைவிமாரும் இருக்கிறார்கள். அதை வாங்குவது தேடலை முடித்துவைக்கும் முதற்படி என்று அவர்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. எனவே ஒரு சாளியை வருடத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குக் கொண்டுவருவது அந்த அக்காவுக்குச் சட்டக் கடமை மட்டுமல்ல. அரசாங்கம் தன் கையால் அவரின் கணவருடைய வாகன இலக்கத்தை இன்னொரு வருடத்துக்கு அச்சடித்துக் கொடுக்கிறது. அந்த வரிசையில் நிற்க அவருக்கு அது போதும்.

ஆனால் அந்த வண்டிக்கு வயதாகிறது. அடுத்த முறையோ அதற்கடுத்த முறையோ அது பரிசோதனையில் தேறாமல் போகும். அப்போது என்ன செய்வார்?

பணம் யாருக்குப் போகிறது?

வாகன வரி அனுமதிப்பத்திரக் கட்டணம் மாகாண சபைக்குரிய வருமானம். 13ஆவது திருத்தம் மாகாணத்துக்குக் கொடுத்த சொற்ப வருமான வழிகளில் இது ஒன்று. வடக்கு மாகாண சபைக்கு 2013 செப்டெம்பரில் தேர்தல் நடந்தது. அதன் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பிறகு தேர்தல் இல்லை. வருடம் தவறாமல் நாங்கள் கட்டுகிறோம். அந்தப் பணத்தை எங்கே செலவிடுவது என்று கேட்க நாங்கள் தெரிவுசெய்த ஒருவரும் அந்தச் சபையில் இல்லை. எங்கள் வண்டியின் பத்திரம் ஒரு நாள் காலாவதியானாலும் தாமதக் கட்டணம் கேட்கிறார்கள். மாகாண சபை காலாவதியாகி வருடக்கணக்காகிறது, அதற்குத் தாமதக் கட்டணம் கட்டுவது யார்?

செய்யக்கூடியவை

பெரிய சீர்திருத்தம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பிரதேச செயலகங்கள் நடமாடும் சேவைகளை நடத்துகின்றன. தேசிய அடையாள அட்டைக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் கிராமத்துக்கு வரும் அந்தச் சேவையோடு நடமாடும் புகைப் பரிசோதனை வாகனமும் வரலாம். கரையோரக் கிராமங்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்தால்கூட ஐயாவைப் போன்றவர்கள் குச்சொழுங்கையால் ஒளிந்து வரத் தேவையில்லை. பரிசோதனைக்குச் செல்லும் வண்டிக்கு, முற்பதிவுத் துண்டைக் காட்டினால் அந்த ஒரு நாள் விலக்களிக்கலாம்.

குழாயைச் செருகும் அதே இடத்தில் பிறேக், டயர், முன்விளக்கு, பின்விளக்கு ஆகிய நான்கையும் பார்க்க ஐந்து நிமிடங்கள் போதும். முதல் வருடம் தண்டனை வேண்டாம், எழுதிக் கொடுத்தாலே போதும். தன் பிறேக் பழுது என்று கடதாசியில் கண்ட மனிதர் கராஜ் அண்ணையிடம் "அடுத்த மாசம்" என்று சொல்ல யோசிப்பார். மாற்றுத்திறனாளிகளின் வண்டிகளுக்கு இந்தச் சேவை இலவசமாக இருக்க வேண்டும். காணாமல் ஆக்கப்பட்டோரின் பெயரிலுள்ள சொத்துக்களை, குடும்பத்தின் தேடும் உரிமை பாதிக்கப்படாது என்ற எழுத்துமூல உறுதியோடு மாற்றிக்கொள்ளும் வழியொன்றும் வேண்டும்.

எங்கள் பங்கும் இருக்கிறது. புகைப் பரிசோதனைக்கு நாள் குறிக்கும்போது பிறேக்கையும் டயரையும் பார்க்க அதே நாளைக் குறித்துக்கொள்ளலாம். முடிவுத் திகதிக்கு ஒரு மாதம் முன்னதாகவே போனால், வண்டி தவறினாலும் திருத்தி மீண்டும் போக அவகாசம் இருக்கும். இதை நான்கு நாட்களுக்கு முன்னர் ஓடிப்போன எனக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

அன்று எனது வண்டி தேறியது. அக்காவின் சாளியும் இரண்டாவது முறையில் தேறியது. தாளை வாங்கியவர் அதில் அச்சிட்டிருந்த இலக்கத்தை ஒருமுறை வாசித்துப் பார்த்தார். பிறகு அதை நான்காக மடித்து, பொலித்தீன் உறைக்குள் பழைய தாள்களோடு வைத்தார். அந்த உறை நன்றாகத் தடித்திருந்தது.