பரிசும் தர்மத்தில் சேர்ந்ததுதான்

மாசி பிறந்துவிட்டால் தலவாக்கலையிலிருந்து வட்டகொடை வழியாக கிரேட் வெஸ்டர்ன் வரையுள்ள தோட்டங்களில் திருவிழாப் பேச்சுத்தான். ஒரு பக்கம் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றுவார்கள், மறுபக்கம் தேர் வேலை நடக்கும். கூடவே ஒரு சீட்டுப் புத்தகமும் லயம் லயமாக ஏறி இறங்கும். கோயில் கூரைக்கு, முன்பள்ளிக்கு, விளையாட்டுக் கழகத்து உடுப்புக்கு, சத்திரசிகிச்சைக்குக் காத்திருக்கும் பிள்ளைக்கு என்று காரியங்கள் பல. சீட்டு எடுப்பவர்களில் பலர் பரிசை நினைத்து எடுப்பதில்லை. கேட்டு வந்தவரின் முகத்துக்காகவும் காரியத்துக்காகவும் எடுக்கிறார்கள். அந்த நல்ல மனதுக்குப் பழுது வராமல் பார்ப்பது சீட்டு விற்பவர்களின் கடமை. அதற்கு இரண்டு விதிகள் வேண்டும் என்பது நமது நிலைப்பாடு. தீங்கு செய்யும் பொருள் எதையும் பரிசாக வைக்கக் கூடாது. சேர்ந்த காசுக்கு ஊரறியக் கணக்குக் காட்ட வேண்டும்.

முதல் விதியை ஏன் வலியுறுத்துகிறோம் என்பதற்கு அமெரிக்காவைப் பார்க்கலாம். அங்கே தன்னார்வத் தீயணைப்புப் படைகளும் வேட்டைக் கழகங்களும் சிறுவர் விளையாட்டுக் குழுக்களும்கூட துவக்கு, கூடாரம், தூண்டில் போன்றவற்றைப் பரிசாக வைத்து நிதி சேர்ப்பது பழகிப்போன வழக்கம். 2018 பெப்ரவரி 14 அன்று புளோரிடா மாநிலத்தின் பார்க்லண்ட் பாடசாலையில் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டவன் கையிலிருந்தது ஏ.ஆர்.-15 வகைத் துவக்கு. அதே நாட்களில் மிசூரி மாநிலத்தின் நியோஷோ என்ற ஊரில், ஒன்பது வயதுப் பிள்ளைகளின் பேஸ்பால் குழுவுக்கு நிதி சேர்க்க அதே வகைத் துவக்கைப் பரிசாக வைத்துச் சீட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. பார்க்லண்ட் சம்பவத்துக்கு முன்பே தொடங்கிய விற்பனை இது என்று விளக்கம் சொன்னார்களே தவிர நிறுத்தவில்லை.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2016இல், ஒரிகன் மாநிலத்தின் லேக் ஒஸ்வீகோவில் இருந்த ஜெரமி லூகஸ் என்ற பாதிரியார் வேறொரு வழியில் போனார். ஒரு சிறுமியர் குழு போட்டிக்குப் போவதற்கு நிதி சேர்க்க இதே வகைத் துவக்கைப் பரிசாக வைத்திருந்தது. அவர் 3,000 டொலர் கொடுத்து 150 சீட்டுகளை வாங்கினார். பரிசும் அவருக்கே விழுந்தது. அந்தத் துவக்கை யாரும் பாவிக்காதபடி அழித்துவிடுவதற்காகவே சீட்டு எடுத்ததாக அவர் அறிவித்தார். பிள்ளைகள் போட்டிக்குப் போகவும் வேண்டும், துவக்கு ஒரு வீட்டுக்குள் போகவும் கூடாது என்று நினைத்த ஒரு மனிதர், இரண்டுக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டியதாயிற்று. பரிசைத் தேர்ந்தவர்கள் தொடக்கத்திலேயே யோசித்திருந்தால் அந்தச் சுமை அவர் தலையில் விழுந்திருக்காது.

உரிமம் பெற்ற வியாபாரி வழியாக, பின்னணியைச் சோதித்த பிறகுதான் துவக்கை ஒப்படைக்கிறோம், இதில் சட்டமீறல் எங்கே இருக்கிறது என்று அங்கே கேட்கிறார்கள். சட்டத்துக்குள் அடங்குவதெல்லாம் தர்மம் ஆகிவிடாது. ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்லிச் சேர்க்கும் காசு இன்னொரு பிள்ளையின் உயிருக்கு ஆபத்தாகக்கூடிய பொருளை ஊருக்குள் அனுப்பி வருமானால், வரவையும் செலவையும் ஒரே ஏட்டில் எழுதித்தான் பார்க்க வேண்டும்.

நமது நாட்டில் இது நடக்காது. 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டப்படி, இன்னாருக்கு என்று அனுமதிப்பத்திரம் இல்லாமல் யாரும் துவக்கு வைத்திருக்க முடியாது. அதிர்ஷ்டம் யாருக்கு விழுமோ அவருக்குத் துவக்கு என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. அந்தக் கட்டுப்பாட்டை நாம் இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பன்றியும் குரங்கும் பயிரை அழிப்பதால் விவசாயிகளுக்குத் துவக்கைத் தாராளமாகக் கொடுங்கள் என்ற குரல் அவ்வப்போது எழுகிறது. மரக்கறிப் பாத்தியை இழந்தவரின் கோபம் நியாயமானது. ஆனால் மலைநாட்டில் துவக்கு என்ன செய்தது என்பதற்குச் சாட்சி நுவரெலியாவிலேயே புதைந்து கிடக்கிறது. 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்து நுவரெலியாவில் அடக்கம் செய்யப்பட்ட மேஜர் ரோஜர்ஸ், 1,400க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று பதிவாகியிருக்கிறது. இன்று நுவரெலியா மலைகளில் யானை எங்கே?

துவக்கு இல்லாத இடத்தில் கட்டுத்துவக்கும் கம்பிச் சுருக்கும் அந்த வேலையைச் செய்கின்றன. 2020 மே மாதம் நல்லதண்ணி பக்கம் லக்சபான தோட்டத்தில் ஒரு கருஞ்சிறுத்தை கம்பிச் சுருக்கில் மாட்டியது. உடவளவைக்குக் கொண்டுபோய் மருத்துவம் பார்த்தும் மூன்று நாட்களில் இறந்துபோனது. சுருக்குக்குப் பன்றி என்றும் சிறுத்தை என்றும் தெரியாது. விறகு பொறுக்கப் போகும் மனிதரின் கால் என்றும் தெரியாது. ஆபத்தான கருவி ஊருக்குள் பெருகினால் விளைவு இப்படித்தான் வரும்.

சரி, இங்கே துவக்குப் பரிசு இல்லை, பிறகு யாருக்காக இந்த உபதேசம் என்று கேட்கலாம். போத்தலுக்காக. விருந்துகளிலும் கழக ஒன்றுகூடல்களிலும் சாராயப் போத்தலையும் விஸ்கிப் போத்தலையும் பரிசாக வைத்துச் சீட்டிழுப்பது இந்த நாட்டுக்குப் புதிதல்ல. சம்பள நாளன்று வீட்டுக்கு வராமல் போகும் காசும், அன்றிரவு லயத்துக் காம்பராவில் எழும் அழுகையும் எதனால் என்பது மலையகத்தில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் புகையிலை, மதுசாரம் பற்றிய தேசிய அதிகார சபைச் சட்டம் மதுவுக்கும் சிகரெட்டுக்கும் விளம்பரத்தையும் அனுசரணையையும் தடுக்கிறது. பிள்ளையின் சத்திரசிகிச்சைக்கு விற்ற சீட்டில் தகப்பனுக்குப் போத்தல் விழுவதை எந்தத் தோட்டத் தலைவரும் ஏற்கக் கூடாது.

அப்படியானால் எதைப் பரிசாக வைக்கலாம்? அமெரிக்கப் பரிசுப் பட்டியலில் கூடாரமும் மழை அங்கியும் சப்பாத்தும் விடுமுறைக்குக் காட்டுக்குப் போகிறவர்களின் பொருட்கள். இங்கே அவை அன்றாடம் வேண்டியவை. விடியலில் பிரட்டுக் களத்தில் நின்று, அட்டையும் பனியும் உள்ள மலைக்குப் படங்கைக் கட்டிக்கொண்டு ஏறும் பெண்ணுக்கு நல்ல மழைச்சட்டை ஒரு சுகப்பொருள் அல்ல. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடெங்கும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. மண் சரிந்த மலைநாட்டு ஊர்களில் அந்த நாட்களில் கேட்டதெல்லாம் டோர்ச்சும் கயிறும் தறப்பாளும் உலர்ந்த போர்வையும்தான்.

ஆகவே டோர்ச், குடை, போர்வை, பாடசாலைப் பை, பிள்ளைகளுக்குச் சப்பாத்து இவைதான் நமது ஊருக்கேற்ற பரிசுகள். ஒரு பெரிய தொலைபேசியை ஒருவருக்குக் கொடுப்பதைவிட இவற்றை முப்பது நாற்பது பேருக்குப் பிரித்துக் கொடுப்பது நல்லது. ஆனால் இங்கேயும் ஓர் எல்லை உண்டு. மலையில் வேலைக்கு வேண்டிய மழைச்சட்டையும் சப்பாத்தும், குளவி கொட்டாமல் காக்கும் உடுப்பும் அதிர்ஷ்டத்தில் கிடைக்க வேண்டிய பொருட்கள் அல்ல. அவை வேலை வாங்குபவர் கொடுக்க வேண்டியவை. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் கம்பளியைக் கொடுத்துவிட்டு அதன் விலையைச் சம்பளத்தில் கழித்தார்கள். இன்று அந்தப் பொறுப்பைச் சீட்டிழுப்பின் தலையில் கட்டினால், கம்பனியின் கடமை தொழிலாளியின் அதிர்ஷ்டமாகிவிடும். குளவி கொட்டிக் கூட்டமாக வைத்தியசாலைக்குப் போவது வழக்கமான செய்தியாகிவிட்ட தோட்டங்களில் தொழிற்சங்கங்கள் இதை உரிமையாகக் கேட்டு வாங்க வேண்டும்.

இனிக் கணக்கு. 2024 செப்டம்பர் வர்த்தமானியில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. பிறகு உயர்ந்தாலும், நூறு ரூபாய்ச் சீட்டு இங்கே சின்னக் காசு அல்ல. ஓர் உதாரணம் பார்ப்போம். ஆயிரம் சீட்டு விற்றால் ஒரு லட்சம் சேரும். அதில் பரிசுகளுக்கு 60,000, அச்சுக்கும் ஒலிபெருக்கிக்கும் 10,000 போனால் கூரைக்கு மிஞ்சுவது 30,000. நூறு ரூபாய் கொடுத்த அம்மா, தன் காசு முழுவதும் கூரைக்குப் போகிறது என்று நினைத்திருக்கிறார். போனது முப்பது ரூபாய். இதை அவருக்கு முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

சீட்டுப் புத்தகத்தில்தான் நேர்மையும் தெரியும், கோளாறும் தெரியும். விற்காத சீட்டின் அடிக்கட்டையும் பெட்டிக்குள் போனால் பரிசு சீட்டு விற்கும் கமிட்டிக்கே விழக்கூடும். அதனால் குலுக்கலுக்கு முன் விற்காத புத்தகங்களை எல்லார் முன்னாலும் எண்ணி, குறுக்கே கிழித்துவிட வேண்டும். பரிசுப் பொருட்களை முதலிலேயே வாங்கி மேசையில் வைக்க வேண்டும். சீட்டு விற்கப் பாடசாலைப் பிள்ளைகளை அனுப்பக் கூடாது. விற்பனை, செலவு, மிச்சம், வென்ற இலக்கங்கள் நான்கையும் ஒரு தாளில் எழுதி, ஒரு வாரத்துக்குள் பிரட்டுக் களத்திலும் கோயில் சுவரிலும் ஒட்ட வேண்டும். அனுமதியில்லாத லொத்தரைத் தடுக்கும் சட்டம் இந்த நாட்டில் பிரித்தானியர் காலத்திலிருந்தே இருக்கிறது. எனவே புத்தகம் அச்சடிக்குமுன் பிரதேச செயலகத்தில் விசாரித்து, வேண்டிய அனுமதியைப் பெறுவதும் கமிட்டியின் வேலை.

சீட்டிழுப்பே சூது, அதை ஒழித்துவிடுங்கள் என்பாரும் உண்டு. அவர்களின் கவலையை மதிக்கிறோம். ஹட்டன் பஸ் நிலையத்தில் நாள்தோறும் லொத்தர் எடுத்தே கடனாளியானவர்களையும் மறக்கவில்லை. ஆனால் அதே லொத்தர் வருமானத்தின் ஒரு பங்கு மகாபொல நிதியத்துக்குப் போய், மலையகத்திலிருந்து பல்கலைக்கழகம் ஏறிய ஏழைப் பிள்ளைகளின் கைச்செலவானது என்பதும் உண்மை. காசு எங்கே போகிறது என்பது எழுத்தில் இருந்ததால் அது நடந்தது. தோட்டத்துச் சீட்டிழுப்புக்கும் எழுத்தில் ஒரு விதி இருந்தால் அதே நன்மை கிடைக்கும். ஆசை காட்டாவிட்டால் யாரும் காசு தரமாட்டார்கள் என்பது இந்த மக்களை அறியாதவர் பேச்சு. சம்பளத்தில் கோயிலுக்கென்று கழித்துக் கொடுத்தும், கைக்காசு சேர்த்தும் தோட்டத்துக்குத் தோட்டம் மாரியம்மன் கோயில் கட்டியவர்கள் இவர்கள்.

எனவே வட்டகொடைப் பகுதிக் கோயில் கமிட்டிகளும் விளையாட்டுக் கழகங்களும் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களும் இந்தத் திருவிழாக் காலத்திலேயே கூடி, போத்தலோ ஆயுதமோ பரிசில்லை, கணக்கு ஒரு வாரத்தில் சுவரில் என்று தீர்மானம் எழுதிச் சீட்டின் பின்புறத்தில் அச்சடிக்க வேண்டும். நூறு ரூபாயில் எத்தனை ரூபாய் காரியத்துக்குப் போகும் என்பதையும் அதிலேயே போட வேண்டும். வாங்குபவர்களும் சீட்டைப் புரட்டிப் பார்த்து எடுங்கள். அந்த வரிகள் இல்லாத சீட்டு என்றால் காரணத்தைக் கேளுங்கள். பதில் வராவிட்டால் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்த நூறு ரூபாயை நேரே கோயில் உண்டியலில் போடுங்கள்.