கிரியேட்டினின் 'நார்மல்' என்றால் போதுமா?

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்து ஓய்ந்த ஒரு பாட்டியை எண்ணிப் பாருங்கள். வயது 65, மெலிந்த உடல். ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் 88 மைக்ரோமோல். 25 வயதுப் பேரனுக்கும் அதே 88. இருவருக்கும் "நார்மல்" என்றே சொல்லி அனுப்பக்கூடும். ஆனால் வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், பேரனின் சிறுநீரக வடிகட்டும் திறன் சுமார் 107. பாட்டியுடையது 62 மட்டுமே. இந்த அளவு 60க்குக் கீழே இறங்கி மூன்று மாதம் நீடித்தால் அது நாட்பட்ட சிறுநீரக நோய்.

பாட்டியின் 62கூட மிகைக் கணக்காக இருக்கலாம். கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. தசை குறைந்தவருக்கு அது குறைவாகவே சுரக்கும். சிறுநீரகம் பழுதுபட்டாலும் எண் அவ்வளவாக ஏறாமல் இருக்கலாம். இந்த இடத்தில் உதவுவது 'சிஸ்டாட்டின் சி' என்ற புரதம். உடலின் ஏறக்குறைய எல்லா உயிரணுக்களும் சுரப்பதால், தசையின் அளவு அதை அதிகம் பாதிப்பதில்லை. எனினும் தைராய்டு கோளாறு, ஸ்டீராய்டு மருந்து, உடலில் உள்ள அழற்சி ஆகியவை அதன் அளவை மாற்றும். ஆகவே இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே நல்லது.

பரம்பரை அழற்சி நோய் ஒன்று இதில் நமக்குப் பாடம் சொல்கிறது. துருக்கியர், ஆர்மீனியர், அரபியர், யூதர் ஆகியோரிடம் அதிகம் காணப்படும் 'குடும்ப மத்தியதரைக் காய்ச்சல்' அது. சிகிச்சை இல்லாவிட்டால் அமிலாய்டு புரதம் சிறுநீரகத்தில் படிந்து அதைக் கெடுக்கும். அதனால் மருத்துவர்கள் கிரியேட்டினின் ஏறும்வரை காத்திருப்பதில்லை. காய்ச்சல் இல்லாத நாளிலும் ரத்தத்தில் அழற்சிக் குறியீட்டைப் பார்க்கிறார்கள், சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று சோதிக்கிறார்கள், உடன்பிறந்தவர்களையும் விசாரிக்கிறார்கள்.

நம்மிடையே அந்தக் காய்ச்சல் அரிது. ஆனால் இனிப்பு நீரும் ரத்தக் கொதிப்பும் தலைமுறை தலைமுறையாக வருகின்றன. மலேசியாவில் 2011ல் 9.07 விழுக்காடாக இருந்த நாட்பட்ட சிறுநீரக நோய், 2018 ஆய்வில் 15.48 விழுக்காடானது. நோய் இருப்பதை அறிந்திருந்தவர்கள் அவர்களில் நூற்றுக்கு ஐந்து பேரே.

எல்லாருக்கும் சிஸ்டாட்டின் சோதனை செய்ய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மெலிந்த முதியவர்களுக்கும், கணக்கில் ஐயம் உள்ளவர்களுக்கும் செய்தால் போதும். மற்றவர்களுக்குக் கிரியேட்டினினோடு வடிகட்டும் திறனையும் சொல்லுங்கள். சிறுநீரில் அல்புமினைப் பாருங்கள். ஒருவருக்கு நோய் தெரிந்தால் அந்த வீட்டார் அனைவரையும் அழையுங்கள். இன்று கொழுந்து பறிக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்களையும் விட்டுவிடாதீர்கள்.

தாமதித்தால் வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் டயாலிசிஸ். அதற்கு வளைந்து செல்லும் மலைப்பாதையில் போய்வரும் நேரத்தையும், இழக்கும் கூலியையும் கூட்டிப் பாருங்கள். ஒரு சிறுநீர்ச் சோதனை எவ்வளவு மலிவு என்பது புரியும். அடுத்த முறை மருந்தகம் போகும்போது, "நார்மல்" என்றதும் எழுந்துவிடாதீர்கள். "வடிகட்டும் திறன் எவ்வளவு, டாக்டர்?" என்று கேளுங்கள்.