பெரிய பம்ப் கேட்டு வரும் படகுக்காரருக்கு என்ன பதில் சொல்வது?

பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடை வைத்திருப்பவர்களுக்கு வாகனக்காரர்தான் பிரதான வாடிக்கையாளர். ஆனால் 2022ஆம் ஆண்டு நெருக்கடிக்குப் பிறகு என் கடைக்குப் படகுக்காரர்களின் வருகை கூடியிருக்கிறது. காரணம் விளங்காததல்ல. அந்த வருடத் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதமாகும்போது 360 ரூபாவைத் தொட்டது. புதிய எஞ்சின் வாங்கும் எண்ணத்தைப் பலர் அப்போதே கைவிட்டார்கள். இருக்கும் எஞ்சினைத் திருத்தி, முடிந்தால் அதன் வலுவையும் கூட்டி ஓட்டப் பார்க்கிறார்கள். பெந்தோட்டை ஆற்றில் உல்லாசப் பயணிகளை ஏற்றி ஓடும் வேகப் படகுக்காரர், கற்பிட்டியில் டொல்பின் காட்டப் போகிறவர், பொல்கொடை வாவியில் பொழுதுபோக்குக்காகப் பழைய 'வீ-6' மேர்க்குரி எஞ்சினைப் பூட்டி வைத்திருப்பவர் என்று பல ரகம். வாயில் வரும் முதல் வார்த்தை மட்டும் ஒன்றுதான்: "நானா, பெரிய பம்ப் ஒன்று தாங்க."

கேட்டதை எடுத்துக் கொடுத்துக் காசைப் பெட்டியில் போடுவதும் வியாபாரம்தான். ஆனால் எரிபொருள் பம்ப் விடயத்தில் அது மோசமான வியாபாரம் என்பது என் அபிப்பிராயம். பம்ப் கேட்டு வருபவர்களில் பெரும்பாலானோருக்குப் பம்ப் தேவையில்லை. தேவைப்படுகிறவர்களுக்கோ பம்ப் மட்டும் போதாது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். பெற்றோல் எஞ்சின் ஒன்று முழு வேகத்தில் ஒரு குதிரைவலுவுக்கு மணித்தியாலத்துக்குச் சுமார் அரை இறாத்தல் எரிபொருள் குடிக்கும் என்பது தொழிலில் உள்ளவர்கள் பாவிக்கும் மதிப்பீடு. அப்படியானால் 200 குதிரைவலு எஞ்சினுக்கு மணிக்கு 100 இறாத்தல், அதாவது ஏறக்குறைய 61 லீற்றர். காபரேட்டர் பூட்டிய பழைய 'டூ ஸ்ட்ரோக்' என்றால் இதைவிடக் கூடுதலாகக் குடிக்கும். 75 லீற்றர் என்றே வைத்துக்கொள்வோம். இனி, நம் கடைகளில் பலரும் கேட்டு வரும் அமெரிக்க ஹோலி கம்பனியின் சிவப்பு பம்பை எடுங்கள். அதன் பெட்டியில் மணிக்கு 97 கலன் என்றிருக்கும். அமெரிக்கக் கலன் என்பதால் சுமார் 367 லீற்றர். நீல நிறப் பம்ப் 110 கலன். தேவையைப் போல நாலைந்து மடங்கு. பிறகு ஏன் இன்னும் பெரியது கேட்டு வருகிறார்கள்?

பெட்டியில் உள்ள இலக்கம், எதிரே எந்தத் தடையும் இல்லாமல் பம்பை ஓடவிட்டு எடுத்த இலக்கம். படகில் அப்படியா இருக்கிறது? தாங்கிக்குள் இறங்கும் குழாயில் சல்லடை, அதற்கு மேல் எரிபொருள் தானாக வழிந்தோடாமல் தடுக்கும் சிறிய வால்வு, பிறகு தண்ணீர் பிரிக்கும் பில்டர், கையால் அமுக்கும் இறப்பர் பல்ப், நாலைந்து முழங்கை மூட்டுகள், பதினைந்து இருபது அடி ஹோஸ். இத்தனையையும் தாண்டித்தான் பெற்றோல் பம்புக்கே வருகிறது. பம்ப் தள்ளுவதில் கெட்டிக்காரன், இழுப்பதில் சோம்பேறி. பாதை அடைபட்டிருக்கும்போது பெரிய பம்பைப் பூட்டினால் அது இன்னும் பலமாக இழுக்கும். இழுவை கூடினால் குழாய்க்குள் அழுத்தம் குறையும். நமது நாட்டு வெயிலில் சூடேறியிருக்கும் பெற்றோல் அந்த இடத்திலேயே ஆவியாகிக் குமிழி விடும். பம்ப் குமிழியைத்தான் இழுக்கும். காபரேட்டருக்குப் பெற்றோல் போகாது. ஆக, பெரிய பம்ப் போட்ட பிறகு படகு முன்பைவிட மோசமாக ஓடுகிறது என்று ஒருவர் திரும்பி வந்தால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இதை அறிவதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. முழு வேகத்தில் போகும்போது எஞ்சின் தளர்ந்தால், ஒருவர் இறப்பர் பல்ப்பை அமுக்கிப் பார்க்க வேண்டும். அமுக்கியவுடன் வேகம் திரும்பினால் எரிபொருள்தான் குறைகிறது என்று தெரியும். பல்ப் தானாகவே சப்பையாகிப் போயிருந்தால் அடைப்பு தாங்கிக்கும் பல்ப்புக்கும் இடையில். பம்ப் மீது பழி போடத் தேவையில்லை. தாங்கியின் மூடியைக் கொஞ்சம் தளர்த்தியதும் எஞ்சின் சரியானால் காற்றோட்டக் குழாய் அடைபட்டிருக்கிறது. கற்பிட்டியிலிருந்து வந்த ஒருவர் என்னிடம் வருவதற்கு முன்பே வேறு இடங்களில் இரண்டு பம்ப் வாங்கி மாற்றியிருந்தார். அந்தக் காற்றோட்டக் குழாயின் வாயில் குளவி மண்கூடு கட்டியிருந்தது! ஒரு துண்டுக் கம்பியோடு முடிந்த வேலை. அவருக்கு அன்று நான் விற்றது ஒரு பில்டர் மட்டும். அதற்குப் பிறகு அவருடைய ஊரிலிருந்து எத்தனை பேரை அனுப்பியிருக்கிறார் என்பதை என் பில் புத்தகம் சொல்லும்.

இதையும் தாண்டிப் போவதானால் பம்பின் உள்வாயிலில் ஒரு வெற்றிட மானியைப் பூட்டி ஓட்டிப் பார்க்க வேண்டும். முழு வேகத்தில் முள் 4 அங்குலப் பாதரசத்தைத் தாண்டினால் பாதையில் குறை என்று பாஸ்மார் சொல்வார்கள். 5/16 அங்குல ஹோஸைக் கழற்றி 3/8 அங்குலம் போட்டாலே பல படகுகளில் முள் இறங்கிவிடும்.

எல்லாம் சுத்தமாக இருந்தும் போதவில்லை என்றால்தான் பம்ப். எஞ்சினின் வலுவை உண்மையாகவே கூட்டியவர்களுக்கு அது தேவைதான். 'டூ ஸ்ட்ரோக்' எஞ்சினில் கம்பனி பூட்டி அனுப்புவது டயப்ரம் பம்ப். கிராங்க் அறையின் காற்றுத் துடிப்பில் இயங்குவது. அதன் டயப்ரம் வயதாகிக் கடினப்பட்டால் தள்ளும் சக்தி குறையும். ரிப்பயார் கிட் மலிவு. அதை மாற்றிப் பார்த்துவிட்டே மின்சாரப் பம்புக்குப் போக வேண்டும். காபரேட்டருக்கு வேண்டியது சதுர அங்குலத்துக்கு 4 முதல் 7 இறாத்தல் அழுத்தம். ஹோலி சிவப்பு 7 இறாத்தலோடு நின்றுவிடும். நீலம் 14 வரை போகும். ரெகுலேட்டர் இல்லாமல் அதைப் பூட்டினால் காபரேட்டரின் ஊசி வால்வு தாங்காமல் பெற்றோல் பொங்கி வழியும். ஊசி முறையில் எரிபொருள் தெளிக்கும் புதிய எஞ்சின்களுக்கு உள்ளே இருப்பது முற்றிலும் வேறு பம்ப். பலவற்றில் அழுத்தம் 40 இறாத்தலுக்கு அண்மையில் இருக்கும். இரண்டையும் ஒரே இறாக்கையில் வைத்து "எல்லாம் பம்ப்தானே" என்று எடுத்துக் கொடுக்கும் பையன்மாரைக் கண்டிருக்கிறேன். தவறு பையன்மாரில் இல்லை, சொல்லிக் கொடுக்காத முதலாளிமாரில்தான்.

எண்ணெய் தானாகக் கலக்கும் 'டூ ஸ்ட்ரோக்' எஞ்சின்களில் இன்னுமொரு சிக்கல். எண்ணெய் எந்த இடத்தில் எரிபொருளோடு சேர்கிறது என்று பார்க்காமல் பழைய பம்பைக் கழற்றக் கூடாது. இந்த எஞ்சினில் பெற்றோலோடுதான் எண்ணெயும் உள்ளே போகிறது. பெற்றோல் குறைந்தால் எண்ணெயும் குறையும். சூடு கூடும், பிஸ்டன் உருகும். பம்பில் மிச்சம் பிடித்தவர் கடைசியில் எஞ்சினையே இழப்பார். அதுவும் கரையிலிருந்து பல மைல் தூரத்தில், பயணிகளோடு.

நான் இதை எழுதுவதற்கு முக்கிய காரணம் இனிமேல் சொல்லப்போவதுதான். கார் பம்பும் படகு பம்பும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். இலக்கமும் ஒன்றாக இருக்கலாம். விலை வித்தியாசம் மட்டும் கண்ணைக் குத்தும். எதற்காக அந்த வித்தியாசம்? காரின் அடியில் கசியும் பெற்றோல் வாயு காற்றோடு போய்விடும். எஞ்சின் உள்ளே பொருத்தப்பட்ட படகில் அது போக இடமில்லை. காற்றைவிடப் பாரமானது என்பதால் படகின் அடியில் போய்த் தங்கும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவு சேர்ந்தாலே ஒரு தீப்பொறி போதும். படகுக்கென்று செய்யப்படும் பம்ப், உள்ளே பொறி பறந்தாலும் வெளியே தீ பரவாத விதமாகச் செய்யப்படுகிறது. 'எஸ்ஏஈ ஜே 1171' என்ற அடையாளம் அதைத்தான் குறிக்கிறது. அமெரிக்காவில் இத்தகைய பெற்றோல் படகுகளுக்குக் கரையோரக் காவல் படையின் விதி இருக்கிறது. மின்சார பம்ப் எஞ்சின் ஓடும்போதும் ஸ்டார்ட் செய்யும்போதும் மட்டுமே இயங்க வேண்டும். பம்ப் எஞ்சினிலேயே அல்லது அதிலிருந்து 12 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். டயப்ரம் கிழிந்தாலும் வெளியே பெற்றோல் கசியக் கூடாது. நம் பக்கத்தில் எத்தனை படகுகளில் பம்பை வெறும் சுவிட்ச் ஒன்றில் கொழுவி வைத்திருக்கிறார்கள்! எஞ்சின் நின்ற பிறகும் பம்ப் பெற்றோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் சிறிய சுவிட்ச் ஒன்றைப் போட்டால், எஞ்சின் நின்றதும் பம்பும் நின்றுவிடும்.

சில காலத்துக்கு முன் ஒரு மொத்த வியாபாரி எனக்கு ஒரு யோசனை சொன்னார். கார் பம்பையே தருவாராம்; பெட்டியில் மட்டும் 'மரைன்' என்று அச்சிட்டுத் தருவாராம். பெட்டிச் செலவும் அவருடையதே. இலாபம் எவ்வளவு என்று விரல் மடித்துக் கணக்கும் காட்டினார். சரக்கின் குறையை மறைத்து விற்பது பற்றி நமக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. வேண்டாமென்று அனுப்பிவிட்டேன். ஆனால் அதே பெட்டியைப் பிறகு வேறு கடைகளில் கண்டேன். வாங்கும் கடைக்காரர்களில் பாதிப் பேருக்கு அது கார் பம்ப் என்றே தெரியாமல் இருக்கலாம். ஆகவே சொல்கிறேன்: பெட்டியைப் பார்க்காதீர்கள், பம்பின் உடலில் பொறித்திருப்பதைப் பாருங்கள். அங்கே எதுவும் இல்லையென்றால் படகுக்காரருக்கு அதைக் கொடுக்காதீர்கள்.

நேர்மையாக விற்றால் கடை எப்படி ஓடும் என்று கேட்பவர்களுக்கு என் அனுபவம் இது. பம்பைத் தனியாக விற்பதை நான் குறைத்துக்கொண்டேன். பம்ப், ரெகுலேட்டர், அழுத்த மானி, 3/8 அங்குலப் படகு ஹோஸ், துருப்பிடிக்காத கிளிப், பில்டர், ரிலே, பியூஸ், தடித்த வயர் என்று ஒரு தொகுதியாகக் கொடுக்கிறேன். வயரைச் சும்மா சேர்க்கவில்லை. பற்றரியிலிருந்து மெல்லிய வயரில் நீண்ட தூரம் மின்சாரம் எடுத்தால் பம்புக்குப் போய்ச்சேரும் வோல்ட் குறைந்து, வாங்கிய பம்ப் சிறிய பம்பாகவே வேலை செய்யும். தனிப் பம்பில் கிடைப்பதைவிடத் தொகுதியில் இலாபம் அதிகம். மின்சாரச் சாமான் திருப்பி எடுப்பதில்லை என்ற பலகையின் முன்னால் நடக்கும் வாக்குவாதமும் குறைந்திருக்கிறது.

பெந்தோட்டை, கற்பிட்டிப் பக்கத்தில் பருவம் நவம்பரில் தொடங்கி ஏப்ரல் மட்டும். திருகோணமலைப் பக்கம் மே மாதத்திலிருந்து. படகு கரையில் ஏற்றிக் கிடக்கும் மாதங்களில் ஹோஸையும் பில்டரையும் மாற்றச் சொல்லுங்கள். பருவத்துக்கு ஒரு வாரம் முன்பு ஓடி வந்தால் அவசரத்தில் கிடைத்ததைத்தான் பூட்டுவார்கள். வெற்றிட மானி இரண்டு என் கடையில் இருக்கிறது. அடையாள அட்டையை வைத்துவிட்டு எடுத்துப் போகலாம். வாடகை வாங்குவதில்லை. இரண்டு நாளில் திருப்பித் தந்தால் போதும்.