ஊசி வைத்தியமும் நம் கடமையும்

விழா மலரிற் கல்லூரியின் பழம் பெருமையைப் பேசுதலே வழக்கம். எனினும், இம்மலரைக் கையிலேந்தும் பழைய மாணவருட் பலர், இடுப்பு நோவோடும் முழங்கால் நோவோடும் விழாப் பந்தலுக்கு வருபவரே. ஆதலின், நோவைப் பற்றிச் சில சொற் கூறுதல் பொருத்தமற்றதாகாது.

பலாபத்வலைக்கு நோவு புதியதன்று. மலைச்சரிவிற் கொழுந்து பறித்தும், றப்பர் மரத்திற் பால் வெட்டியும், ஏணியில் நின்று மிளகு பறித்தும் நம்மை வளர்த்தோர், எண்ணெயாலும் ஒத்தடத்தாலும் நோவை அடக்கியே வாழ்ந்தனர். இன்று அக்குபஞ்சர் எனப்படும் சீன ஊசி வைத்தியத்தின் பெயரும் நம்மிடையே அடிபடுகின்றது. அதனை முற்றாக இகழ்வாரும் உளர். எந்நோய்க்கும் அதுவே மருந்தென்பாரும் உளர். இரு சாராரும் தவறுகின்றனர் என்பதே என் கருத்து.

இவ்வைத்தியம் நம் அயலிற் பரவிய வரலாறு அறியத்தக்கது. ஜப்பானியப் போரால் வருந்திய சீனருக்கு உதவும்பொருட்டு, 1938 இல் ஐவர் கொண்ட இந்திய வைத்தியக் குழுவொன்று சென்றது. அக்குழுவில், அங்கேயே உயிர்நீத்த துவாரகநாத் கோட்னிசுடன் சென்றவருள் ஒருவர் விஜயகுமார் பாசு. அவர் 1958 இல் மீண்டுஞ் சீனஞ் சென்று ஊசி வைத்தியத்தைக் கற்று, அதனைக் கல்கத்தாவிற் கொணர்ந்தார். நம் நாட்டில், களுபோவிலையிலுள்ள கொழும்பு தெற்கு அரசினர் வைத்தியசாலையில், வைத்திய கலாநிதி அன்ரன் ஜயசூரியா ஊசி வைத்தியப் பிரிவை நடத்திப் பெயர்பெற்றார். மேனாட்டு வைத்தியம் பயின்றோரே இதனையுங் கையாண்டனர் என்பதை நாம் மறத்தலாகாது.

இனி, பயன் யாது? ஜேர்மனியில் நடத்தப்பட்டு 2007 இல் வெளியான ஆராய்ச்சியொன்று நாட்பட்ட இடுப்பு நோவுடைய 1162 பேரை மூன்று கூட்டமாகப் பிரித்து நோக்கியது. ஆறு மாதங்களின் பின், சீனமுறைப்படி ஊசி ஏற்றப்பட்டோரில் 47.6 வீதத்தினரும், உரிய இடமல்லாத இடங்களில் மேலோட்டமாக ஊசி ஏற்றப்பட்டோரில் 44.2 வீதத்தினரும், மருந்தும் உடற்பயிற்சியும் முதலான வழக்கமான சிகிச்சை பெற்றோரில் 27.4 வீதத்தினரும் குணங் கண்டனர். இதிலிருந்து இரண்டு உண்மைகள் புலனாகின்றன. ஊசியால் நோவு தணிதல் உண்டு. ஆயின், அத்தணிவிற் பெரும்பங்கு குறித்த புள்ளிகளைச் சார்ந்ததன்று. உடல் தானே சுரக்கும் நோவடக்கிகளும், நோயாளியின் நம்பிக்கையும், வைத்தியரின் பரிவும் அதிற் பங்குகொள்ளுதல் கூடும். பிரித்தானியச் சுகாதார நெறிமுறைகள் நாட்பட்ட நோவுக்கும், ஒற்றைத் தலைவலியைத் தடுத்தற்கும் இதனை ஒரு துணையாகக் கருதலாம் என்கின்றன.

நரம்பு நோய்களின் நிலை வேறு. பாரிசவாதத்தால் விழுந்த கையை ஊசி எழுப்பும் என்பதற்குத் தெளிவான சான்று இன்றளவும் இல்லை. என்னோடு ஒரே வாங்கிலிருந்து படித்த நண்பரொருவர், ஒருநாட் காலையில் வாய் கோணி, வலக்கை சோர்ந்து வீழ்ந்தார். வீட்டார் ஊசி வைத்தியரைத் தேடி அலைந்து, மாலையிலேயே அவரை வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றனர். மூளையின் இரத்தக் குழாயை அடைத்த கட்டியைக் கரைக்கும் மருந்து நான்கரை மணித்தியாலத்துள் ஏற்றப்படல் வேண்டும். அதுவும், ஸ்கான் செய்து இரத்தக் கசிவில்லை என அறிந்த பின்னரே ஏற்றத்தக்கது. அக்காலம் கடந்துவிட்டது. பல மாதங்களின் பின் ஊசி ஏற்றியபோது அவருடைய தோள் நோவு தணிந்தது, இரவில் உறங்கினார். கையோ எழவில்லை. ஊசியின் ஆற்றலையும் எல்லையையும் யான் அவரிடத்திலேயே கண்டேன்.

ஆதலின், பழைய மாணவருக்கும், நாளை வைத்தியராகப் போகும் இளைய மாணவருக்கும் யான் வேண்டுவன சில. முகங் கோணினும், கை சோரினும், பேச்சுக் குழறினும் நேரே வைத்தியசாலைக்குச் செல்க. நாட்பட்ட நோவாயின், காரணத்தை முதலில் அறிக; அதன்பின், முறையாகப் பயின்றவரிடம், ஒருமுறையே பயன்படுத்தி எறியும் தூய ஊசியால் சிகிச்சை பெறுக. முன்னர் உண்டுவந்த மருந்தை வைத்தியரைக் கேளாது நிறுத்தற்க. பழையதென்பதற்காக ஒன்றைப் போற்றுதலும், பிறநாட்டதென்பதற்காகத் தள்ளுதலும் கற்றோர்க்கு அழகல்ல. ஆராய்ந்து கொள்ளுதலே நம் ஆசிரியர் நமக்குக் கற்பித்த நெறி. அந்நெறியை நம் உடலைப் பேணுவதிலும் கைக்கொள்வோமாக.